தள்ளி நின்ற நட்சத்திரம்

போன வாரம் பேராசிரியரைச் சட்டைக்கு இஸ்திரி போட விட்டுவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அதே சட்டையோடுதான் மல்லுக்கட்டுகிறார். ஒரு கை முடிந்திருக்கிறது, இன்னொரு கை பாக்கி.

இடையில் ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். "குடும்பக் கதை என்று ஆரம்பித்துவிட்டு ஈர்ப்பு விசை, கேலக்ஸி என்று என்னென்னவோ எழுதுகிறீர்களே, நியாயமா?" நியாயமில்லைதான் அம்மா. ஆனால் நான் என்ன செய்ய? சில வீட்டில் சொத்துக்குச் சண்டை, சில வீட்டில் மருமகளோடு சண்டை. இந்த வீட்டில் முப்பது வருஷமாக ஈர்ப்பு விசைக்குச் சண்டை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒரு கேலக்ஸியில் நட்சத்திரங்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற பொருளின் எடை அவற்றைப் பிடித்து வைக்கப் போதாது. எப்போதோ சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. 'கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏதோ உள்ளே இருந்து பிடித்து வைத்திருக்கிறது' என்பது ஊர் உலகத்தின் கட்சி. 'தெரியாத பொருளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஈர்ப்பு ரொம்ப மெலிந்து போகிற இடத்தில் அதன் விதியே வேறு' என்பது நம் பேராசிரியரின் கட்சி. அந்தக் கட்சியில் ஆள் கம்மி.

யார் சொல்வது சரி என்று சோதிக்க வேண்டுமானால் ஈர்ப்பு மெலிந்த இடம் வேண்டும். அதற்கு இத்துனூண்டு கேலக்ஸிகள்தான் லாயக்கு. இந்த வீட்டில் 'பொடிசு' என்று செல்லமாகச் சொல்லப்படுகிற ஒன்று, பெரிய கேலக்ஸி ஒன்றின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. பேராசிரியரின் சமன்பாட்டின்படி, பக்கத்து வீட்டுப் பெரியவனின் இழுப்பு பொடிசின் உள்விவகாரத்திலும் மூக்கை நுழைக்கும். அதனால் அதன் நட்சத்திரங்கள் நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் கணக்கில் சாவகாசமாகத்தான் அலையும். எதிரணிக் கணக்கில் அது நாலு. இரண்டா, நாலா என்று இன்று தெரிந்துவிடும். இரண்டு என்றால் அவர் வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டு.

"பெட்டிய என்கிட்ட குடுங்க. காலரக் கருக்கிடப் போறீங்க," என்றபடி அவர் மனைவி வந்தார். பல் டாக்டர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே கிளினிக்.

"நானே போட்டுக்கறேன் டாக்டரம்மா. கை சும்மா இருந்தா நடுங்குது."

"இன்னிக்கோட முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்."

"எந்தப் பக்கம் வந்தாலும்?"

"எந்தப் பக்கம் வந்தாலும். நாலுன்னு வந்தா கடையக் கட்டிடறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கேனே."

டாக்டரம்மா இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கணவர் காலில் சிக்காமல் எடுத்துவிட்டார். இரண்டு என்று வர வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டாரா, நாலு என்று வேண்டிக்கொண்டாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

வாசலில் மகள் காரோடு காத்திருந்தாள். வயது இருபத்தொன்பது. அப்பா வேலை பார்க்கும் அதே ஆய்வகத்தில் அவளுக்கும் வேலை. வீட்டில் இன்னும் 'பாப்பா'தான்.

"என்ன பாப்பா, மூஞ்சி வெளிறிக் கிடக்கு?"

"தூக்கம் இல்லப்பா."

"எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு," என்று வாய் கூசாமல் பொய் சொன்னார் பேராசிரியர்.

ஆய்வகத்தின் கூட்ட அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. நீள மேசையின் ஒரு பக்கம் அப்பாவும் மகளும். எதிர்ப்பக்கம் எதிரணித் தலைவியும் அவர் ஆட்களும். தலைவி நல்ல மாதிரி. பேராசிரியருக்கு ஒரு சால்வை கொண்டுவந்து கொடுத்தார். குளிருக்குத்தான், பொன்னாடை என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த அறையில் நடக்கப்போவது என்னவென்று புரிய, ஒரு பழைய பழியைச் சொல்ல வேண்டும். சில நட்சத்திரங்கள் தனியாக இருப்பதில்லை. ஒரு துணையோடு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். பூங்காவில் ஜனங்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்போது ராட்டினத்தில் சுற்றுகிறவனையும் சேர்த்துக்கொண்டால் எப்படி இருக்கும்? கணக்கு எகிறும். ஆகவே ஜோடிகளைக் கழிக்க வேண்டும். ஆனால் பேராசிரியர், தனக்கு ஆகாத நட்சத்திரம் எது வந்தாலும் 'அது ஜோடி' என்று கழற்றிவிடுகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் அவரே விதி எழுதினார். வேகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஜோடிகளைக் கழித்துவிட வேண்டும். ஒவ்வொரு வேகத்தோடும் கம்ப்யூட்டர் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்து மறைத்துவிடும். நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் அதில் விழுகிற கருங்கோடுகளின் வடிவம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். கோடு சுத்தமாக இருந்தால் ஒற்றை. ஓரம் சரிந்து இரண்டாகப் பிரியப் பார்த்தால் ஜோடி. மறைப்பைத் திறந்த பிறகு ஒரு நட்சத்திரத்தையும் சேர்க்கக் கூடாது, எடுக்கக் கூடாது.

கோடுகளைப் பார்த்துத் தரம் பிரிக்கிற கண் மகளுடையது. "உங்க பொண்ணையே நடுவராப் போடறீங்களே சார்?" என்று தலைவி அன்றைக்குச் சிரித்தாராம். "என் பொண்ணு எனக்காக ஒரு மயிரிழை நகர மாட்டா," என்றாராம் பேராசிரியர். எதிரணியும் ஒப்புக்கொண்டது, ஏனென்றால் அவள் அப்படிப்பட்டவள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பன்னிரண்டு நட்சத்திரத்தில் மூன்றைக் கழித்திருந்தாள். மீதி ஒன்பது.

"திறக்கலாமா?" என்றார் தலைவி.

"திறங்க, திறங்க. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது."

திரையில் ஒன்பது புள்ளிகள் வந்தன. எட்டு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒன்றே ஒன்று வலது கோடியில் தன்னந்தனியாகத் தள்ளி நின்றது. அதற்குக் கீழே விடை.

மூன்று புள்ளி எட்டு.

யாரும் கை தட்டவில்லை. எதிரணியில் யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டு, சத்தம் கேட்டுக் கூசிப்போய் நிறுத்தினார்கள். மகள் திரையைப் பார்க்கவில்லை. அந்தத் தனிப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தாள். ஒன்பது.

"சார்," என்று தலைவி மெதுவாக ஆரம்பித்தார். "அந்த ஒன்பதாவது ரொம்பத் தள்ளி நிக்குது. அது ஒண்ணுதான் தூக்கிவிடுது. வேணும்னா அதைத் தனியா..."

"வேண்டாம்மா."

"சும்மா ஒரு பார்வைக்கு..."

"விதியை எழுதினது நான். எனக்கு நோகறப்ப வளைச்சுக்கறதுக்கா எழுதினேன்?" பேராசிரியர் எழுந்தார். எழும்போது முட்டி மேசைக்காலில் இடித்தது, வலித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். கடைசியில் மகளிடம் வந்தார். அவள் தலையில் கை வைத்தார். சால்வையைத் திருப்பிக் கொடுக்க மறந்து அதோடேயே வெளியே போனார்.

மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்பதாவது நட்சத்திரத்தின் கோடுகளைத் திரையில் விரித்தாள்.

விரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவளுக்கு மனப்பாடம். கோட்டின் இடது ஓரம் சரிந்திருந்தது. ரொம்ப இல்லை. ஆனால் கழித்துக்கட்டிய மூன்றில் ஒன்று இதைவிடக் குறைவாகத்தான் சரிந்திருந்தது. அதைக் கழித்தவள் இதை ஏன் கழிக்கவில்லை?

அன்றைக்கு இதன் மேல் கை வைத்தபோது ஒரு யோசனை வந்தது. மூன்றைக் கழித்தாயிற்று. நாலாவதையும் கழித்தால், 'பார்த்தியா, அப்பனுக்காக அள்ளி வீசறா' என்பார்கள். கை நின்றது. வேறு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், எதிரணித் தலைவியே உட்கார்ந்திருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு கழித்திருப்பார்கள். மகளாக இருந்ததால் அவளால் முடியவில்லை. நேர்மை என்று நினைத்துக்கொண்டுதான் 'சுத்தம்' என்று குறித்தாள்.

இப்போது அதை எடுத்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஒன்று.

நாற்காலியில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சொன்ன விடை. முப்பது வருஷத்துக்கு முன்பு காகிதத்தில் எழுதி, ஊர் சிரிக்கச் சிரிக்கச் சுமந்து திரிந்த விடை. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

மறுபடி அளக்கவும் வழியில்லை. அந்தத் தொலைநோக்கியில் இந்த வேலைக்கான கருவியைப் போன மாதமே கழற்றிவிட்டார்கள். புதுக் கருவி வர வருஷக்கணக்காகும். வந்தாலும், தோற்றுப்போன சமன்பாட்டைச் சோதிக்க யார் நேரம் ஒதுக்கப் போகிறார்கள்?

மதியம் அவள் போய் நின்றது அம்மாவின் கிளினிக்கில். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தார்.

"மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன். கொஞ்ச நேரம் ஆகும். வா," என்று அம்மா அவளைக் கருவிகள் கழுவும் சின்ன அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "என்னடி, அழுதியா?"

மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கையுறையைக் கழற்றாமல், கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப உங்கப்பா சொன்னது சரியா?"

"சரியா இருக்கலாம்மா. எட்டு நட்சத்திரத்தை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தோக்கல. அவர் தோத்தது பொய்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. அப்பாகிட்ட சொல்லிட்டு, அப்புறம் எல்லாருக்கும் எழுதலாம்னு..."

"எழுதினா நம்புவாங்களா?"

மகள் தொட்டியில் கிடந்த கருவிகளைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். விடை தெரிஞ்சப்புறம் பொண்ணு வந்து, 'எங்கப்பாவுக்கு ஆகாத அந்த ஒரு நட்சத்திரம் கோணல்'ன்னு சொன்னா நம்புவாங்களா?"

"மாட்டாங்க. சிரிப்பாங்க. என் பேரும் நாறும்."

"உங்கப்பா நம்புவாரா?"

"அந்த நிமிஷமே."

"அதான்டி எனக்குப் பயம்." அம்மா குரலைத் தணித்தார். "ஊர் நம்பாது, இவர் ஒருத்தர் நம்புவாரு. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. எங்கப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப வராந்தாவுல உக்காந்து பேப்பர் ஓரத்துல கணக்குப் போட்ட மனுஷன். நீ பொறந்தப்பவும் அப்படித்தான். நான் ஒரு ஆளைக் கட்டிக்கிட்டேன்னுதான் நினைச்சேன் பாப்பா, ஒரு சமன்பாட்டைக் கட்டிக்கிட்டேன்."

"அம்மா..."

"காலையில போன் பண்ணாரு. 'தோத்துட்டேன்மா'ன்னாரு. அழுதாரு. அப்புறம் என்ன கேட்டாரு தெரியுமா? 'சாயங்காலம் சும்மா நடந்துட்டு வரலாமா, நீயும் நானும்?' இத்தனை வருஷத்துல என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல."

உள்ளிருந்து நோயாளி "ஆங்... ஆங்..." என்று குரல் கொடுத்தார்.

"வந்துட்டேன் சார், துப்பிடாதீங்க!" என்று கத்திவிட்டு அம்மா திரும்பினார். "இன்னொரு முப்பது வருஷம் அவர்கிட்ட இல்ல. என்கிட்டயும் இல்ல. உன் காலைப் பிடிச்சுக்கறேன், சொல்லாத."

"அது அநியாயம்மா."

"ஆமா, அநியாயம்தான். தெரிஞ்சுதான் கேக்கறேன்," என்றார் பல் டாக்டர். மகளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டி, கையுறை ஞாபகம் வந்து, முழங்கையால் மட்டும் அவளை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த அம்மாவிடமும் கோபப்பட முடியவில்லை, அந்தப் பெண்ணிடமும் முடியவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்தாள். காரிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'அப்பா, தப்பு என்னுது.' அவ்வளவுதான், அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

பேராசிரியர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை கசங்கியிருந்தது. மேசையில் மடிக்கணினி மூடிக் கிடந்தது. அம்மா உள் அறையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நடக்கப் போகிறார்கள் அல்லவா.

"வா பாப்பா. வேலைய முடிச்சிட்டேன்," என்றார்.

"என்ன வேலைப்பா?"

"எழுதி அனுப்பிட்டேன். எனக்குத் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, என்னைத் திட்டினவங்க, ஒருத்தர் விடாம. 'பொடிசு சொல்லிவிட்டது. என் சமன்பாடு தவறு. இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.' சின்னதாத்தான் எழுதினேன். நீட்டினா புலம்பற மாதிரி ஆயிடும்."

"ஏம்ப்பா அதுக்குள்ள? ஒரு நாள் பொறுத்திருக்கலாமே."

"எதுக்குப் பொறுக்கணும்? ஒரு நாள் பொறுத்தா ஒரு சாக்கு கிடைக்கும். எனக்கு என்னைத் தெரியும்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நாளைக்குக் காலையில எழுந்து என்ன செய்யறதுன்னுதான் தெரியல. இப்ப உங்கம்மாவோட நடக்கலாம்னு இருக்கேன். நடக்கறேன். அப்புறம்?"

அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்தது. மகளால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பாப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விதிப்படி கேக்கக் கூடாது. ஆனா இனிமே என்ன விதி? அந்த ஒன்பதாவது... கோடு சுத்தமா இருந்துச்சா?"

உள் அறையில் செருப்புச் சத்தம் நின்றது. அம்மா நிலைப்படியில் வந்து நின்றார். மகளைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிடவில்லை, கண்ணாலேயே கும்பிட்டார்.

"சுத்தம்ப்பா," என்றாள் மகள்.

பேராசிரியர் மூச்சை விட்டார். மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப சரி. வேற யாரு பாத்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் தெரியுமா? சண்டை போட்டிருப்பேன். 'கோட்டை எடுத்துட்டு வாங்கடா'ன்னு நின்னிருப்பேன். நீ பாத்ததால விட்டுட்டேன்."

அம்மா சட்டென்று குறுக்கே வந்தார். "வாங்க, வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"இரும்மா, போலாம். இன்னும் கொஞ்ச நேரம்." அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். "பாப்பா, அந்த ஒன்பது நட்சத்திரத்தோட கோட்டையும் எனக்குக் காட்டேன்."

"எதுக்குப்பா?"

"சண்டைக்கு இல்ல, பயப்படாத. முப்பது வருஷமா இதுங்களுக்காகத்தான் உயிரை விட்டேன். ஒண்ணோட மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, எண்ணாத்தான் தெரியும். என்னைத் தோக்கடிச்சவங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துட்டு விட்டுடறேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கோடும் தெரியாது, கோணலும் தெரியாது. ஆனால் மகளின் முகத்தைப் படிக்கத் தெரியும். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"உக்காரு பாப்பா. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வரிசையாப் போகலாம்," என்றார் பேராசிரியர். "ஒன்பதாவதைக் கடைசியா வெச்சுக்கலாம். அதை மட்டும் நிதானமா பாக்கணும்."